செயலி சொல்லும் வழி, செல்லாத டிக்கெட்

கொல்கத்தாவின் ஜாதவ்பூரில் ரயில் உண்டு, பஸ் உண்டு, ஆட்டோ உண்டு, எட்டிப்பிடிக்கும் தூரத்தில் மெட்ரோவும் உண்டு. ஆனால் ஒன்றில் வாங்கிய டிக்கெட் இன்னொன்றில் செல்லாது. ஒன்று எங்கே இருக்கிறது என்று இன்னொன்றுக்குத் தெரியாது.

சென்னை சென்ட்ரலில் காலையில் கிளம்பும் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் மறுநாள் முற்பகலில் ஷாலிமாரில் வந்து நிற்கிறது. சுமார் 1,660 கி.மீ., நான்கு மாநிலங்கள், ஒரே டிக்கெட். எந்தப் பெட்டி, எந்தப் படுக்கை, வண்டி எத்தனை நிமிடம் தாமதம் என்பதெல்லாம் பயணியின் செல்போனில் இருக்கிறது. ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் சேர வந்திருக்கும் கோவை மாணவரோ, சால்ட் லேக்கில் வேலை கிடைத்து ஜாதவ்பூரில் அறை பார்த்திருக்கும் மதுரை இளைஞரோ இங்கே பெட்டியோடு இறங்குகிறார். போகவேண்டிய தூரம் இன்னும் பதினைந்து கி.மீ.கூட இல்லை. சிரமம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஷாலிமார், ஹூக்ளி நதிக்கு மேற்குக் கரையில், ஹவுரா பக்கம் இருக்கிறது. முன்பு கோரமண்டல் ஹவுராவிலேயே கிளம்பிக்கொண்டிருந்தது. ஹவுராவில் இறங்கினால் வாசலில் பஸ், படகு, இப்போது மெட்ரோவும் உண்டு. ஷாலிமாரில் மெட்ரோ இல்லை. செல்போனில் ஒரு செயலி, பஸ் ஏறு என்கிறது. இன்னொன்று ஹவுராவுக்குப் போய் மெட்ரோ பிடி என்கிறது. மூன்றாவது வேறெதையும் யோசிக்காமல் வாடகைக் காருக்கு ஒரு தொகையைக் காட்டுகிறது. கையில் இரண்டு பெட்டி, தெரியாத மொழி, வெயில். புதிதாக வருபவர் மூன்றாவதைத்தான் தேர்ந்தெடுக்கிறார். 1992-ல் திறந்த வித்யாசாகர் பாலத்தின் மேல் கார் ஏறும்போது, இரண்டு நாள் ரயில் பயணத்தின் செலவில் கணிசமான ஒரு பங்கு இந்தக் கடைசி முக்கால் மணி நேரத்துக்குப் போய்விட்டிருக்கும்.

ஒரு மாதம் கழிந்தால் அவரே செயலியை மூடிவைத்துவிட்டுக் கண்டக்டரின் குரலை நம்பத் தொடங்கிவிடுவார். கொல்கத்தாவில் உண்மையான வழிகாட்டி அந்தக் குரல்தான்.

ஜாதவ்பூர் தெற்குக் கொல்கத்தாவின் சந்திப்பு முனை. சியால்டாவிலிருந்து தெற்கே போகும் மின்சார ரயில்கள் பார்க் சர்க்கஸ், பாலிகஞ்ச், டாகுரியா தாண்டி இங்கே நிற்கின்றன. கானிங், லட்சுமிகாந்தபூர், டயமண்ட் ஹார்பர் வண்டிகளெல்லாம் இந்த வழிதான். ரயில் நிலையத்திலிருந்து சற்றுத் தள்ளிப் பல்கலைக்கழக வாசலுக்கு அருகே 'எய்ட் பி' என்று ஒரு பஸ் நிலையம். இங்கிருந்து ஓடிய ஒரு பஸ்ஸின் எண், இடத்தின் பெயராகவே நிலைத்துவிட்டது. 'எய்ட் பி-யில் பார்க்கலாம்' என்றுதான் மாணவர்கள் சொல்லிக்கொள்கிறார்கள். பல்கலைக்கழகத்தை ஒட்டியே இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம். 1907-ல் கல்கத்தாவில் நிதித் துறை அதிகாரியாகச் சேர்ந்த சி.வி. ராமன், டிராமில் போகும்போது பௌபஜாரில் இதன் பெயர்ப் பலகையைப் பார்த்து இறங்கினார் என்பார்கள். எந்தச் செயலியும் அப்படி ஒரு வழியைக் காட்டியிருக்காது. கழகம் பிற்பாடு பௌபஜாரை விட்டு ஜாதவ்பூருக்கு வந்தது.

இந்தச் சந்திப்பு முனையில் எல்லா வாகனங்களும் சந்திக்கின்றன. டிக்கெட்டுகள் மட்டும் சந்திப்பதில்லை. புறநகர் ரயில் கிழக்கு ரயில்வேயுடையது. அதற்கு ஒரு டிக்கெட், ஒரு செயலி. மெட்ரோவுக்குத் தனி டோக்கன், தனி ஸ்மார்ட் கார்டு, 2022 மார்ச்சிலிருந்து தனிச் செயலி. மாநில அரசின் பஸ் எங்கே வருகிறது என்று பார்க்க 'பததிஷா' என்ற செயலி. டாக்சிக்கு 2023-ல் அரசு கொண்டுவந்த 'யாத்ரி சாத்தி'. தனியார் பஸ்ஸில் கண்டக்டரின் விரல் இடுக்கில் மடித்துச் செருகிய காகித டிக்கெட். ஆட்டோவில் டிக்கெட்டே கிடையாது, சில்லறை மட்டும். வங்காளத்தில் அதற்குக் 'குச்ரோ' என்று பெயர். கொல்கத்தா ஆட்டோவில் காலையில் நடக்கும் சண்டைகளில் பாதி இந்த ஒரு சொல்லில்தான் தொடங்குகிறது.

ஆட்டோவைப் பற்றித் தமிழ்நாட்டு வாசகர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கே ஆட்டோ, சென்னை ஆட்டோ போலக் கூப்பிட்ட இடத்துக்கு வருவதல்ல. மீட்டர் கிடையாது. ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குக் குறிப்பிட்ட தடத்தில் ஓடும் குட்டி பஸ் அது. பின்னால் மூன்று பேர், டிரைவருக்குப் பக்கத்தில் ஒருவர். நான்கு பேர் சேர்ந்தால் வண்டி கிளம்பும். ஜாதவ்பூர்க்காரர்களை மெட்ரோவில் கொண்டுசேர்ப்பது பெரும்பாலும் இதுதான். இதற்கு அட்டவணை கிடையாது. கூட்ட நேரத்தில் தடத்தை நடுவில் வெட்டி, பாதி வழியில் இறக்கிவிட்டு, மீதிக்கு இன்னொரு ஆட்டோ பிடிக்க வைப்பதும் உண்டு. 'காட்டா ரூட்', அதாவது வெட்டுத் தடம். பயணி இரண்டு முறை பணம் கொடுக்கிறார். இதை எந்த வரைபடத்தில் எப்படிக் குறிப்பது?

வழி சொல்லும் செயலிகளுக்கு ஆகாரம் அட்டவணை. 2005 டிசம்பரில் கூகுள் முதன்முதலாகப் பொதுப் போக்குவரத்துக்கு வழி சொல்லத் தொடங்கியது அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில். அந்த ஊர்ப் போக்குவரத்து நிறுவனம் தன் நிறுத்தங்கள், தடங்கள், நேரங்கள் அனைத்தையும் ஒழுங்கான கோப்புகளாகக் கொடுத்தது. அந்தக் கோப்பின் வடிவம்தான் பிறகு உலகம் முழுக்கப் பொது வடிவமாயிற்று. அதன் அடிப்படை அனுமானம் எளிமையானது: பஸ் 8.10-க்கு இந்த நிறுத்தத்தில் இருக்கும், 8.14-க்கு அடுத்ததில்.

கொல்கத்தாவின் தனியார் பஸ் 8.10-க்கு எங்கே இருக்கும் என்பது அதன் டிரைவருக்கே தெரியாது. காரணம் சோம்பலல்ல. டிரைவருக்கும் கண்டக்டருக்கும் இங்கே சம்பளம் பெரும்பாலும் வசூலில் கமிஷன். ஆகவே நிறுத்தத்தில் ஆள் ஏறும்வரை பஸ் ஊர்ந்துகொண்டே இருக்கும். அதே தடத்தின் அடுத்த பஸ் பின்னால் தலைகாட்டியதும் பறக்கும். மூட்டையோடு நிற்பவர் ஓடித்தான் ஏற வேண்டும். கைக்குழந்தையோடு பெண் இறங்கும்போது மட்டும் கண்டக்டர் பஸ்ஸின் தகரத்தைத் தட்டி 'ஆஸ்தே லேடீஸ், கோலே பாச்சா' என்று குரல் கொடுக்க, வண்டி ஒரு கணம் நிதானிக்கும். இந்தப் பொருளாதாரத்தில் அட்டவணை என்பது நஷ்டம். அட்டவணை இல்லாத இடத்தில் செயலி செய்வது ஊகம். அதையும் நிமிடக் கணக்கோடு, மிகுந்த தன்னம்பிக்கையோடு செய்கிறது.

போதாக்குறைக்குப் பஸ்களும் குறைகின்றன. பதினைந்து வயது தாண்டிய வணிக வாகனங்கள் பெருநகர எல்லைக்குள் ஓடக்கூடாது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2008-ல் உத்தரவிட்டது. அப்போது புதிதாக வாங்கிய பஸ்கள் ஒரே நேரத்தில் முதுமையடைந்து 2024-லிருந்து கூட்டமாக ஓய்வு பெறத் தொடங்கின. தனியார் பஸ்ஸுக்கு அரசு கடைசியாக 2018-ல் நிர்ணயித்த குறைந்தபட்சக் கட்டணம் ரூ. 7. கொரோனாவுக்குப் பிறகு நடைமுறையில் வாங்குவது ரூ. 10. அரசாணையில் ஒரு கட்டணம், கண்டக்டர் வாயில் ஒரு கட்டணம் என்றால், செயலி எதைக் காட்டும்?

பெயர்களும் சேர்ந்துகொண்டு குழப்புகின்றன. மெட்ரோவை டாலிகஞ்சுக்குத் தெற்கே நீட்டியபோது நிலையங்களுக்குக் கவிஞர்கள், நடிகர்கள், புரட்சியாளர்கள் பெயர்களைச் சூட்டினார்கள். டாலிகஞ்ச் இப்போது மகாநாயக் உத்தம் குமார். குட்காட் என்பது நேதாஜி, நாக்தலா என்பது கீதாஞ்சலி, பான்ஸ்திரோணி என்பது மாஸ்டர்தா சூர்யா சென். ஆட்டோக்காரரிடம் போய் 'மகாநாயக் உத்தம் குமார்' என்று கேட்டால் சிரிப்பார், 'டாலிகஞ்ச்' என்றால் ஏற்றிக்கொள்வார். புறவழிச்சாலையின் மேலே ஓடும் ஆரஞ்சுத் தடத்தில் 'ஹேமந்த முகோபாத்யாய்' என்று ஒரு நிலையம். அந்த முனையை ஊர் ரூபி என்றுதான் அழைக்கிறது. ஜாதவ்பூருக்குப் பக்கத்தில் காலிகாபூரில் இருப்பது 'கவி சுகாந்த'. சென்னைவாசிகள் இதைக் கேட்டுச் சிரிக்க முடியாது. கோயம்பேடு பஸ் நிலைய மெட்ரோவின் முழுப் பெயரை மூச்சுவிடாமல் சொல்லத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

இதெல்லாம் தனியார் பஸ், ஆட்டோ என்று கட்டுக்கு அடங்காத உலகத்தின் கதை. அங்கே ஒழுங்கு கொண்டுவருவது கடினம் என்று சமாதானம் சொல்லலாம். சியால்டாவுக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது.

இந்தியாவில் பல நகரங்களில் மெட்ரோ இருக்கிறது. அவற்றை நடத்துபவை தனித் தனி நிறுவனங்கள். கொல்கத்தா மட்டும் விதிவிலக்கு. 1984 அக்டோபர் 24 அன்று எஸ்பிளனேடுக்கும் பவானிபூருக்கும் இடையே நாட்டின் முதல் மெட்ரோ ஓடிய நாளிலிருந்து அதன் உரிமையாளர் இந்திய ரயில்வே. 2010 டிசம்பரில் அது ரயில்வேயின் பதினேழாவது மண்டலமாகவே ஆக்கப்பட்டது. அதாவது ஜாதவ்பூரிலிருந்து சியால்டாவுக்கு வரும் மின்சார ரயிலும், சியால்டாவுக்கு அடியில் ஓடும் மெட்ரோவும் ஒரே அமைச்சகம், ஒரே வாரியம், ஒரே பட்ஜெட்.

2022 ஜூலையில் சியால்டாவில் மெட்ரோ திறந்தது. அங்கிருந்து சால்ட் லேக்கின் ஐந்தாம் செக்டாருக்கு, அதாவது கம்ப்யூட்டர் கம்பெனிகள் குவிந்த இடத்துக்கு, சுமார் இருபது நிமிடம். 2024 மார்ச்சில் ஹூக்ளி நதிக்கு அடியில் ஹவுரா வரை இன்னொரு பகுதி. இரண்டுக்கும் நடுவே பௌபஜாரில் 2019 ஆகஸ்டில் சுரங்கம் தோண்டும்போது வீடுகள் சரிந்து வேலை நின்றது. அது முடிந்து 2025 ஆகஸ்ட் 22 அன்று சியால்டாவும் எஸ்பிளனேடும் இணைந்தபோது, ஜாதவ்பூர்க்காரருக்கு வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு நல்ல வழி கிடைத்தது. ரூ. 5 டிக்கெட்டில் சியால்டா, அங்கே இறங்கி மெட்ரோ. இந்தப் பக்கம் ஹவுரா, அந்தப் பக்கம் சால்ட் லேக். சாலை நெரிசலை ஒரு இடத்தில்கூடத் தொட வேண்டியதில்லை.

ஆனால் சியால்டாவில் இறங்கியவர், சில நிமிடம் நடந்து, பையைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு, இன்னொரு கவுன்டரில் நின்று இன்னொரு டிக்கெட் வாங்க வேண்டியிருந்தது. மாதச் சீசன் டிக்கெட் வைத்திருப்பவருக்கு அது மெட்ரோவில் பயன்படாது. மெட்ரோவின் ஸ்மார்ட் கார்டு மின்சார ரயிலில் வெறும் பிளாஸ்டிக். மெட்ரோவுக்குள் மட்டும் பரவாயில்லை. எஸ்பிளனேடில் நீலத் தடத்திலிருந்து பச்சைத் தடத்துக்கு ஒரே டிக்கெட்டில் மாறலாம். ஒரு வீட்டின் இரண்டு அறைகளுக்கு இடையே கதவு வைத்தவர்கள், மூன்றாவது அறைக்குத் தெருவைச் சுற்றி வரச் சொல்கிறார்கள்.

டில்லியோடு ஒப்பிட்டால் விநோதம் இன்னும் கூடும். டில்லி மெட்ரோ ரயில்வேயுடையது அல்ல. மத்திய அரசும் டில்லி அரசும் சேர்ந்து நடத்தும் தனி நிறுவனம். அந்த மெட்ரோவுக்கு 2024 ஜூலையில் ஐ.ஆர்.சி.டி.சி. மூலமாகவே, ரயில் டிக்கெட்டோடு சேர்த்து, டிக்கெட் வாங்கும் வசதி வந்தது. அடுத்தவர் மெட்ரோவுக்கு டிக்கெட் விற்க ஏற்பாடு செய்ய முடிந்த ரயில்வேக்கு, தன் சொந்த மெட்ரோவையும் சொந்த மின்சார ரயிலையும் ஒரே டிக்கெட்டில் கட்டுவது அதற்கு முன்பே சாத்தியமாகியிருக்க வேண்டும்.

முழுப் பயணத்துக்கும் ஒரே டிக்கெட் என்பது கம்ப்யூட்டர் யுகத்தின் கண்டுபிடிப்பு அல்ல. தமிழ்நாட்டில் பெரியவர்களுக்கு இது நினைவிருக்கும். பாம்பன் பாலம் 1914-ல் திறந்த பிறகு சென்னை எழும்பூரில் ஒரு டிக்கெட் வாங்கினால் தனுஷ்கோடிவரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், பிறகு மறுபடி ரயிலில் கொழும்பு. இரண்டு ரயில்வேக்கள், ஒரு கப்பல் சேவை, நடுவில் கடல். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை போட் மெயில் பயணிக்கு இது சாதாரண விஷயம். பின்னணியில் நடந்ததும் மாயமல்ல. யார் எவ்வளவு தூரம் ஏற்றிச் சென்றார்கள் என்று குமாஸ்தாக்கள் பேரேட்டில் எழுதி, பணத்தைப் பங்கிட்டுக்கொண்டார்கள். அதே கணக்கைத்தான் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம் 1965-ல் பஸ், ரயில், மெட்ரோ எல்லாவற்றுக்கும் ஒரு பொது அமைப்பை ஏற்படுத்திச் செய்தது. ஹாங்காங் 1997-ல் ஆக்டோபஸ் அட்டை மூலம் செய்தது. முக்கியமாகத் தேவைப்படுவது தொழில்நுட்பம் அல்ல, வருமானத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் ஒப்பந்தம்.

ஒப்பந்தம் இல்லாததன் விலையைக் கொடுப்பது பயணி. இது வரிசையில் நிற்கும் அலுப்பு மட்டுமல்ல, பணம். கொல்கத்தா மெட்ரோவின் நீலத் தடத்தில் முதல் 2 கி.மீ.க்கு ரூ. 5, ஆனால் 20 கி.மீ.க்கு மேல் எவ்வளவு போனாலும் ரூ. 25. தூரம் கூடக்கூட கி.மீ.க்கு ஆகும் செலவு குறைகிறது. எல்லாப் பொதுப் போக்குவரத்துக் கட்டணமும் இப்படித்தான் அமைந்திருக்கிறது. ஆகவே ஒவ்வொரு முறை வண்டி மாறும்போதும் பயணி மறுபடி ஆரம்பப் படிக்கட்டிலிருந்து ஏறுகிறார். ஆட்டோவுக்குக் குறைந்தபட்சம், ரயிலுக்குக் குறைந்தபட்சம், மெட்ரோவுக்கு இன்னொன்று, இறங்கிய பின் இன்னொரு ஆட்டோ. ஒரே வண்டியில் போகிற வசதி உள்ளவரைவிட, மூன்று வண்டி மாறுகிறவர் அதே தூரத்துக்கு அதிகம் கொடுக்கிறார். மெட்ரோ நிலையத்துக்கு அருகில் வீடு வாங்க முடிந்தவர் யார், முடியாதவர் யார் என்று யோசித்தால், இந்தக் கட்டணம் யாருக்கு எதிராக வேலை செய்கிறது என்பது விளங்கும்.

செயலி காட்டும் நேர்த்தியான கோடுகள் தரையில் அறுந்து கிடப்பதற்கு ஜாதவ்பூரின் சுற்றுப்புறத்திலேயே இரண்டு உதாரணங்கள். நியூ கரியாவில் மின்சார ரயில், நீலத் தட மெட்ரோ, ஆரஞ்சுத் தட மெட்ரோ மூன்றும் கூடும் இடமாக இருந்தது கவி சுபாஷ் நிலையம். 2025 ஜூலை 28 அன்று நடைமேடைத் தூண்களில் விரிசல் கண்டு நீலத் தட நிலையத்தை மூடினார்கள். திறந்து பதினைந்து ஆண்டுகூட ஆகவில்லை. நீலத் தட வண்டிகள் ஒரு நிலையம் முன்னதாக ஷஹீத் குதிராமிலேயே பயணிகளை இறக்கிவிட்டன. மூன்று தடங்களின் முடிச்சு அவிழ்ந்தது.

இரண்டாவது, சிங்ரிகாட்டா. ஆரஞ்சுத் தடம் ரூபியிலிருந்து 2025 ஆகஸ்டில் பேலேகாட்டாவரை வந்துவிட்டது. அடுத்து ஐந்தாம் செக்டார் பக்கம் போனால் காலிகாபூரில் ஏறும் ஜாதவ்பூர்வாசி நேராக அலுவலகத்தில் இறங்கலாம். குறுக்கே நின்றது 366 மீட்டர். சாலைக்கு மேலே அந்தத் துண்டைக் கட்ட சில வார இறுதி இரவுகளில் போக்குவரத்தை நிறுத்த வேண்டும். அனுமதி யார் தருவது, எப்போது தருவது என்று ரயில்வே தரப்பும் மாநில அரசும் போலீசும் பேசிப் பேசி, விவகாரம் உயர் நீதிமன்றத்துக்கே போயிற்று. நடந்தால் ஐந்து நிமிடத்தில் கடக்கக்கூடிய தூரம். சென்னையிலும் இதே கதை உண்டு: 2007-ல் வேளச்சேரி வந்த பறக்கும் ரயில், பரங்கிமலைக்கு மீதி இருந்த 5 கி.மீ.க்கு, அதிலும் முக்கியமாக நில வழக்கில் சிக்கிய ஒரு சின்னத் துண்டுக்கு, பதினைந்து வருடத்துக்கு மேல் காத்துக் கிடந்தது.

வேறு நகரங்கள் என்ன செய்கின்றன? எல்லாப் போக்குவரத்தையும் ஒரு குடையின் கீழ் கொண்டுவரும் ஆணையம் வேண்டும் என்று 2006-ன் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை சொன்னது. 2017-ன் மெட்ரோ கொள்கை அதைக் கட்டாயமாக்கியது. சென்னைக்கான ஒருங்கிணைந்த ஆணையத்துக்கு 2010-லேயே சட்டம் வந்துவிட்டது. அதன் கனி கண்ணுக்குத் தெரிந்தது 2025 செப்டம்பர் 22 அன்று: மாநகரப் பஸ், மெட்ரோ, புறநகர் ரயில், ஆட்டோ எல்லாவற்றுக்கும் ஒரே க்யூஆர் டிக்கெட் என்ற வாக்குறுதியோடு வந்த 'சென்னை ஒன்' செயலி. சட்டத்துக்கும் செயலிக்கும் நடுவே பதினைந்து ஆண்டுகள். அதற்குச் சில மாதங்கள் முன்புதான், மெட்ரோவில் 2023-ல் வந்த சிங்காரச் சென்னை அட்டை மாநகரப் பஸ்ஸிலும் செல்லத் தொடங்கியது. மும்பையில் பதினொரு போக்குவரத்து நிறுவனங்களைச் சேர்த்து 'மும்பை ஒன்' 2025 அக்டோபரில் அறிமுகமாயிற்று.

இவற்றைக் கொண்டாடுவதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே திரையில் மூன்று டிக்கெட் வாங்குவது வேறு. ஒரே டிக்கெட்டில், ஒரே கட்டணக் கணக்கில் மூன்று வண்டி ஏறுவது வேறு. முதலாவது வரிசையை ஒழிக்கிறது. இரண்டாவதுதான் பயணியின் பணத்தை மிச்சப்படுத்துகிறது. இந்திய நகரங்கள் இதுவரை தொட்டிருப்பது பெரும்பாலும் முதலாவதை.

அதோடு, செல்போன் இல்லாதவரின் கதி? கொல்கத்தா இந்தப் பரீட்சையை ஒரு முறை எழுதிப் பார்த்திருக்கிறது. கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் எல்லா வண்டிகளும் நின்றன. செப்டம்பர் 14 அன்று மெட்ரோ மட்டும் மறுபடி ஓடத் தொடங்கியது. டோக்கன் கிடையாது. ஸ்மார்ட் கார்டு வேண்டும், முன்கூட்டியே செல்போனில் நேரம் குறித்து மின் அனுமதிச் சீட்டும் எடுக்க வேண்டும். ஏற்பாடு கச்சிதமாகவே நடந்தது. பதிவு செய்தவர் வந்தார், பச்சை விளக்கு எரிந்தது, ஏறினார்.

ஜாதவ்பூர் வழியாக ஓடும் மின்சார ரயில்கள் அப்போதும் பொதுமக்களுக்கு ஓடவில்லை. கானிங், லட்சுமிகாந்தபூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து விடியற்காலை வண்டியில் வந்து ஜாதவ்பூர், டாகுரியா, பாலிகஞ்ச் வீடுகளில் பாத்திரம் தேய்த்து, சமைத்து, குழந்தை பார்த்துவிட்டுத் திரும்பும் பெண்கள் ஆயிரக்கணக்கானவர்கள். அந்த வண்டிகளுக்கு 'ஜீ லோக்கல்', வேலைக்காரிகளின் ரயில், என்று கேலியாகவே பெயர் வைத்திருந்தது கொல்கத்தாவின் நடுத்தர வர்க்கம். ரயில்வே ஊழியர்களுக்காக மட்டும் ஓடிய சிறப்பு வண்டிகளில் ஏற முயன்றவர்கள் இறக்கிவிடப்பட்டார்கள். சில நிலையங்களில் மறியலும் தள்ளுமுள்ளும் நடந்தன. நவம்பர் 11 அன்றுதான் புறநகர் ரயில்கள் திரும்ப வந்தன. அடுத்த மே மாதம் மறுபடி நின்று, 2021 அக்டோபர் 31 வரை நின்றே கிடந்தன. இடைப்பட்ட காலத்தில் பலருக்கு வேலை போயிற்று. சிலர் பஸ், வேன், ஆட்டோ என்று மாறி மாறி, கூலியில் பெரும் பங்கைக் கட்டணமாகக் கொடுத்து வந்தார்கள்.

இப்போது அந்த வண்டிகள் மறுபடி ஓடுகின்றன. விடிவதற்குள் ஜாதவ்பூர் நடைமேடை நிரம்பி, பத்தே நிமிடத்தில் காலியாகிவிடுகிறது. சீசன் டிக்கெட்டை முந்தானையில் முடிந்துகொண்டு பெண்கள் கும்பல் கும்பலாகத் தண்டவாளத்தை ஒட்டிய சந்துகளில் இறங்கி நடக்கிறார்கள். எய்ட் பி வரை போகவேண்டியவர்களும் ஆட்டோ ஏறுவதில்லை. ரயில் நிலைய வாசலோடு அவர்கள் டிக்கெட் முடிந்துவிடுகிறது. மீதி தூரம் கால்நடை.